வாசல் வேம்பின் பட்ட கிளை

"பட்ட கிளைய வெட்டலீன்னா மரமே கெட்டுப்போகுமுங்க."

"காட்டுல யாரு புள்ள வெட்டறாங்க? அதுல இருக்கற பொந்துலதான் கிளி கூடு வெக்கும்."

கல்யாணமான புதிதில் பூங்கோதையும் வனக்காவலரான சென்னியப்பனும் பேசிக்கொண்டது இது. பிறகு அவன் வேலை மலையிலேயே என்றாகிவிட்டது. மாதம் ஒருமுறை வருவான். அவள் ஊரில் மரங்களுக்குக் கிளை கழித்துக் கவாத்து செய்து கொடுக்கும் தொழில் தொடங்கினாள். விளம்பர அட்டைகளைக்கூட மரத்தில் ஆணியடிக்காமல் வாழைநாரில்தான் கட்டுவாள். அட்டையைப் பார்த்து வீடு தேடி வந்தவர்களோ, வாசல் வேம்பில் நீட்டிக்கொண்டிருந்த பட்ட கிளையைக் கண்டு, "ஊர் மரத்துக்கெல்லாம் வைத்தியம், சொந்த மரம் சீக்காளியாக்கும்?" என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவன் சொன்ன சொல்லுக்காக அவள் அதைத் தொடவேயில்லை.

இந்த முறை அவன் வந்திருந்தபோது அந்தச் சிரிப்பு அவன் காதிலும் விழுந்தது. ஏணியைச் சாய்த்து, ரம்பத்தோடு ஏறினான்.

"எம்பேச்சக் கேட்டு உன்ர பொழப்பு கெட வேண்டாம் புள்ள. வெட்டிப்போடறேன்."

பொந்திலிருந்து ஒரு கிளி தலையை நீட்டிப் பார்த்தது. ஏணியைப் பிடித்து நின்ற பூங்கோதை, எட்டு வருடமாக வாய்வரை வந்து திரும்பியதைச் சொல்லிவிட்டாள்.

"கிளை இருக்கட்டுமுங்க. நீங்க மாத்தல் வாங்கீட்டு இங்கயே வந்துருங்க."