வெள்ளைக் கோட்டில் ஒரு கால்

முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் கேட்டபோதே லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் ஆபிரகாமுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. சகுனம் பார்க்கிற பயல்களெல்லாம் எதற்கு ஸ்டியரிங்கைப் பிடிக்க வருகிறான்கள்?

வண்டியை ஓட்டிய அனந்தகிருஷ்ணன் மாட்டுங்காப் பையன். நெற்றி நிறைய விபூதி. மருந்துக் கம்பெனியில் காரில் ஊர் சுற்றுகிற உத்தியோகம் அவனுக்காகக் காத்திருந்தது, லைசென்ஸ்தான் இல்லை. இன்றைக்கும் டெஸ்டில் கோட்டை விட்டால் அந்த வேலை இன்னொருவனுக்குப் போய்விடும்.

"வெள்ளக் கோட்டுல ஒருத்தர் கால வச்சிட்டா, அவங்க அந்தப் பக்கம் போய்ச் சேருத வரைக்கும் வண்டி அசையப்படாது. அசைஞ்சா ஃபெயிலு. கேட்டியா?" என்றார் ஆபிரகாம். குடியிருப்பு தாராவி என்றாலும் வாயில் திருநெல்வேலி மாறவில்லை.

மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் திரும்பினார்கள். முக்காடு போட்ட ஒரு விதவை அம்மாள், கறிகாய்ப் பையும் கையுமாக வெள்ளைக் கோட்டில் ஒரு கால் வைத்தாள். வண்டியைப் பார்த்ததும் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒண்டினாள்.

பிரேக்கை மிதித்த அனந்தகிருஷ்ணனின் முகம் கறுத்துவிட்டது.

"கிரகசாரம்! இன்னிக்குன்னு பார்த்து இங்கேயா வந்து நிக்கணும்?" என்று பல்லைக் கடித்தவன், தலையை வெளியே நீட்டினான். "உன்னை யாரு இந்தப் பக்கம் வரச் சொன்னா? நிக்காதே, நகரு!"

"கத்தாதேடா! வண்டியை எடுத்துண்டு போ!" என்று அவளும் சீறினாள்.

"நகருன்னா நகரேன்! நடுத்தெருவிலே மானத்தை வாங்கறியே!"

"மாட்டேன்! நீ போடா முதல்ல!"

பின்னால் டாக்சிக்காரன் ஹாரனை அமுக்கியபடி, "அரே, சலோ! ரோடு உன் அப்பன் வீட்டுதா?" என்று அரை இந்தியும் அரைத் தமிழுமாகக் கூச்சல் போட்டான்.

ஆபிரகாமுக்கு ரத்தம் கொதித்தது. வயசானவளை ஏகவசனத்தில் விரட்டுகிறானே, படித்தவனா இவன்? அவருடைய அக்காளும் சின்ன வயதிலேயே தாலியறுத்தவள்தான். அவள் எதிரே வந்தால் ஆகாது என்று திரும்பிப் போனவர்களை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

"போதும்ல! இஞ்சின நிறுத்து. ஒனக்கு லைசென்ஸ் கிடையாது!"

"சார்! நான் கோட்டைத் தாண்டலையே! ரூல்படி நின்னுண்டுதானே இருக்கேன்!"

"வண்டி நின்னுச்சு, ஒன் வாய் நின்னுச்சா? தாலியறுத்தவள்னா அம்புட்டு எளக்காரமா? பாவம், பயந்து ஒதுங்கி நிக்கா அந்தம்மா. ரோட்டக் கடக்க அவளுக்கு உரிமை கிடையாதோ?"

"அதில்லை சார்..."

"பேசாத! அவ குறுக்க வந்தா ஒனக்கு லைசென்ஸ் கிடைக்காதுன்னு ஒன்கிட்ட எவம்ல சொன்னான்?"

அனந்தகிருஷ்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கம்பத்தின் பக்கம் கையைக் காட்டினான்.

"அதோ நிக்கறாளே, எங்கம்மா... அவதான் சார் சொல்றா!"