பம்பு மறுநாள்தான் ஓடும்

எய்டெர் எழுந்தான். காபி போட்டான். நாய்க்குத் தண்ணீர் வைத்தான். கொல்லையில் இருந்த நீச்சல்குளத்தில் விழுந்த மாவிலைகளை வலையால் அள்ளிக் கொட்டினான். பம்பு சுவிட்சைப் போட்டான். அது ஒரு முறை உறுமிவிட்டு நின்றது.

மனைவி மிர்னா இருந்தவரை இப்படி ஆனதில்லை. பழைய பம்புதான், அடிக்கடி ஒழுகும். புதுசு வாங்கலாம் என்பாள். இயற்பியல் வாத்தியார் வீட்டில் பம்புக்கு வெளியாள் எதற்கு என்பான் இவன். கழற்றி, தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை மாற்றி, சிலிகான் பசையை அப்பி மாட்டுவான். பசை காய வேண்டும் என்று அன்றைக்குச் சுவிட்சைப் போட மாட்டான். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அது பூனைபோல ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த முறையும் அதேபோலத்தான் செய்தான். பசை காய்ந்து பாறையாகிவிட்டது. பம்பு ஓடவில்லை. குளம் பாசி பிடித்துப் பச்சையாகிக் கிடந்தது.

சனிக்கிழமை மிர்னாவின் முதலாண்டு நினைவு ஜெபமாலை. மெரிதா நகரில் இருக்கும் சொந்தமெல்லாம் வரும். அதனால் இன்று பள்ளிக்கு லீவு போட்டிருந்தான். மிர்னாவின் அக்கா லிஹியா காலையிலேயே வந்து அடுக்களையில் வாழையிலை வாட்டிக்கொண்டிருந்தாள்.

எய்டெர் ஸ்பேனரால் பம்பை மறுபடியும் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கவாட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கதவைச் சற்றுத் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அது தெரியாது.

உள்ளே வந்தவன் தோளில் ஒரு பை மாட்டியிருந்தான். பாதிரியாரைக்கூட விடாமல் குரைக்கும் நாய் சிஸ்பா, அவன் காலடியில் மல்லாந்து படுத்து வாலை ஆட்டியது.

எய்டெரைப் பார்த்ததும் வந்தவன் திடுக்கிட்டான். "என்ன வாத்தியாரே, இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகலையா?"

"நீ யாரு?"

"வில்பெர்த்."

எய்டெரின் கையில் இருந்த ஸ்பேனர் கனத்தது.

அந்தப் பெயரை அவன் ஒரே ஒரு முறைதான் கேட்டிருந்தான், ஆஸ்பத்திரியில். அவன் கையைப் பிடித்தபடி கிடந்த மிர்னா கண்ணைத் திறந்து, "வில்பெர்த்தை…" என்றாள். அவன் கையை உருவிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைசியில் மாதாவைக் கூப்பிட்டாள் என்று மாமியாரிடம் சொன்னான். அப்போது கட்டிலருகே இருந்த லிஹியா பிறகு அதைப் பற்றிப் பேச வாயெடுக்கும்போதெல்லாம், "வேண்டாம்க்கா" என்று அடக்கிவிட்டான்.

"எவ்வளவு நாளா இங்க வந்துட்டிருந்தே?"

"நாலஞ்சு வருஷம் இருக்கும்."

"நான் ஸ்கூலுக்குப் போனப்புறமா?"

"ஆமா. நீங்க இருக்கும்போது தலையே காட்டக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க." வில்பெர்த் தொப்பியைக் கழற்றினான். "தங்கமான மனுஷி. சாவுக்குக்கூட வரமுடியல. வந்தா நீங்க யாருன்னு கேப்பீங்களே."

"வெளியே போடா."

லிஹியா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "எய்டெர், நான்தான் வரச் சொன்னேன்."

"நீயுமாக்கா? உனக்கும் தெரியுமா?"

வில்பெர்த் நகரவில்லை. அவன் பார்வை, திறந்து கிடந்த பம்பின் மேல் இருந்தது.

"அட கடவுளே! சீல் வளையத்தை மறுபடியும் திருப்பிப் போட்டுட்டீங்களா?"

"என்னது?"

"மோட்டார் பக்கம் போகவேண்டிய முகத்தைத் தண்ணி பக்கம் வச்சிருக்கீங்க. எப்பவும் இதே தப்புதான். அது போதாதுன்னு மேல இந்தப் பசை வேற." வில்பெர்த் குந்தி உட்கார்ந்து நகத்தால் சுரண்டினான். "இதைச் சுரண்டி எடுக்கவே மிர்னாம்மாவுக்குக் காலைப்பொழுதுல பாதி போயிடும்."

"மிர்னாவுக்கா?"

"வேற யாருக்கு? முதல் தடவை நான் சொல்லிக் குடுத்தேன். அதுக்கப்புறம் ஸ்பேனரை என் கையில குடுத்ததே இல்ல. நான் புது சீல் வளையத்தைக் குடுத்துட்டு, இந்த நாய்க்கு வயித்தச் சொறிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அவங்களே மாட்டி, ஓட விட்டு, கையில இருக்கிற கரியைக் கழுவிட்டு, நீங்க வர்றதுக்குள்ள சமைக்கப் போயிடுவாங்க."

எய்டெர் தன் கையைப் பார்த்தான்.

"நீங்க சாயங்காலம் வந்து, 'பாத்தியா, என் கை பட்டா போதும்'னு நெஞ்சை நிமித்துவீங்களாமே. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க." வில்பெர்த் சட்டென்று நிறுத்தினான். "கேலியா இல்ல வாத்தியாரே. சத்தியமா கேலியா இல்ல."

ஸ்பேனர் சிமெண்டுத் தரையில் விழுந்தது. நாய் துள்ளி எழுந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

எய்டெர் குளக்கரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, அன்னிக்கு நான் வெளியே போனப்புறம் அவ என்ன சொன்னா?"

லிஹியா ஈரக்கையை சமையல் ஏப்ரனில் துடைத்தபடி அவன் அருகில் வந்தாள்.

"இதை நீ கேக்க ஒரு வருஷமாச்சு. நீ வாசலைத் தாண்டிட்டியான்னு முதல்ல எட்டிப் பாத்தா. அப்புறம் என் காதைக் கிட்ட இழுத்துச் சொன்னா: 'பம்பு நின்னா வில்பெர்த்தை வரச் சொல்லுக்கா. ஆனா, அவர் ஸ்கூலுக்குப் போனப்புறம்.'"