காரை மறித்த ஸ்கூட்டர்

ரெட்டியார்பாளையத்திலுள்ள அந்த அடுக்ககத்தைப் பற்றி முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவர் மீது சங்கம் எழுத்துமூலம் புகார் அளித்தால், வீட்டு உரிமையாளர் மறுபேச்சின்றிக் காலி செய்யச் சொல்லிவிடுவார்.

இரண்டாம் தளத்தில் வாடகைக்கு இருந்த நிர்மலாவும் இதை அறிவார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதவிருந்தாள்.

இருந்தும், தரைத்தளத்து மிக்கேலின் காரை மறித்தே அவர் நாள்தோறும் தம் ஸ்கூட்டரை நிறுத்தினார். அதைப் பூட்டிவிட்டு, வேலைக்கு ஷேர் ஆட்டோபோல ஓடும் டெம்போவில் போனார்!

சங்கச் செயலாளர் பூர்ணிமா ஞாயிறு மாலை கூட்டம் கூட்டினார்.

“இன்னைக்கும் சர்ச்சுல பூசைக்குப் போக முடியல,” என்று கொதித்தார் மிக்கேல். “காலமெல்லாம் பஸ் ஓட்டுனவன் நான். என் காரை எடுக்க இந்தப் பொண்ணுகிட்ட பர்மிஷன் கேக்கணுமா?”

“ஏங்க நிர்மலா, வேற எடமே கெடைக்கலியா?” என்றார் பூர்ணிமா.

“எனக்கு அதான் வசதி மேடம்.”

“வண்டிய நிறுத்திட்டு டெம்போல போறீங்க. இதுல என்னங்க வசதி?”

“பெட்ரோல் மிச்சம்.”

சிலர் சிரித்துவிட்டனர்.

“பாத்தீங்களா திமிர!” மிக்கேல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவருடைய மனைவி ஆனந்தமேரி தலை நிமிரவில்லை.

“நாளையிலேருந்து எடுத்துடுவீங்களா, மாட்டீங்களா? இல்லன்னா உங்க ஓனருக்குப் புகார் போகும்,” என்றார் பூர்ணிமா.

“அனுப்பிக்கங்க மேடம்,” என்று நிர்மலா எழுந்து போய்விட்டார்.

பூர்ணிமா வீட்டுக்குத் திரும்பிப் புகாரை எழுத உட்கார்ந்தபோது, ஆனந்தமேரி வாசலில் நின்றார்.

“அத அனுப்பாதம்மா.”

“உங்க வீட்டுக்காரருக்காகத்தானே ஆன்ட்டி எழுதறேன்?”

“அங்க நிறுத்தச் சொன்னதே நாந்தாம்மா. அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்லுவேன்? மனுஷன் ஒடஞ்சி போயிடுவாரு.”

அதன்பின் பூர்ணிமா கேட்டு உறுதி செய்துகொண்ட செய்திகள் இவை.

சர்க்கரை நோயால் மிக்கேலின் ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. மற்றதும் மங்கி வருகிறது. கார் ஓட்டக் கூடாதென மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூலக்குளத்தில் பள்ளி மாணவி ஒருத்தியை உரசிவிட்டு வந்தும், ‘அவதான் வந்து விழுந்தா’ என்று மிக்கேல் சாதித்தார். மனைவி சாவியை ஒளித்துவைத்தபோது, பூட்டுக்காரரை அழைத்துவந்து மாற்றுச்சாவி செய்துகொண்டார். வேறு வழி தெரியாத ஆனந்தமேரி கேட்டுக்கொண்டதால், பழியை நிர்மலா ஏற்றார்.

புகார் எழுதப்படவில்லை.

மறுநாள் முதல் நிர்மலா தம் ஸ்கூட்டரிலேயே வேலைக்குப் போனார். மிக்கேலின் காரை மறித்து நின்றது, செயலாளர் பூர்ணிமாவின் கார்.