வாசல் மேடு

கடலோர வீட்டின் முன் மணல்மேடு ஆளுயரம் இருந்தால்தான் அங்கே குடியிருக்கலாம் என்று சட்டம் வந்தபின், எங்கள் தெருவில் யாரும் யாரையும் நம்புவதில்லை. காற்றுக்காலம் முடிந்ததும் அளக்கும் ட்ரோன் வரும். எங்கள் மேடு இடுப்பளவு. பக்கத்து வீட்டு பிலோமினாவின் மேடு கூரையளவு.

"நம்ம மண்ணத்தான் அவ அள்ளுதா," என்றாள் என் மனைவி செல்ஸி.

ஒரு பகல் முழுக்க ஒளிந்திருந்து பார்த்தேன். பிலோமினா எதையும் அள்ளவில்லை. அவள் வாசலில் கிடந்த கடற்பாசியிலும் அடம்பங்கொடியிலும் மணல் தங்கியது. செல்ஸி தினமும் கூட்டும் எங்கள் வாசலில் தங்காமல் பறந்தது. செல்ஸியிடம் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் அவள் விளக்குமாற்றோடு கிளம்பினாள்.

"இனி கூட்டக் கூடாதுன்னு சொன்னேனே?"

"நம்ம வாசலத்தான கூட்டக் கூடாது," என்றாள். "பிலோமினாக்காவுக்கு முட்டுவலி, பாவம்."