அலகு குத்திய கன்னம்

2024 மார்ச் 25, பங்குனி உத்திரத்தன்று, பழனியில் மயில்சாமி இரண்டு கன்னத்தையும் துளைத்து அலகு குத்திக்கொண்டான். ரத்தப் புற்றுநோய் கண்ட அக்கா சாந்தாமணிக்கு முந்தைய ஆண்டு அவனுடைய ஸ்டெம் செல்லைத்தான் ஏற்றியிருந்தார்கள். அவள் பிழைத்தால் வேல் குத்துவதாக அப்போதே வேண்டியிருந்தான்.

அடுத்த வாரமே நோய் திரும்பியது. தம்பியின் நோயெதிர்ப்பு அணுக்களை ஏற்றினால் அவை புற்றை அடித்து விரட்டக்கூடும், சீக்கிரம் வரச்சொல்லுங்கள் என்றார் கோவை மருத்துவர். மயில்சாமி அன்று மதியமே வந்து நின்றான். அவன் முகக்கவசத்தை இறக்கியதும் மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். கன்னங்களில் மிளகளவு காயம், மேலே திருநீறு.

"இது வழியா உங்க ரத்தத்துல கிருமி போயிருந்தா உங்கக்கா தாங்க மாட்டாங்க. டெஸ்ட் எல்லாம் வரட்டும். அதுவரைக்கும் உங்ககிட்ட அணு எடுக்க முடியாது."

"சாமிகிட்ட வெச்சு எடுத்த வேலுங்க சார். சுத்தமானதுங்க."

"எல்லாருக்கும் அதே வேலா?"

மயில்சாமி முகக்கவசத்தை மறுபடி ஏற்றிக்கொண்டான்.

வெளியே வந்ததும், கூட இருந்த சாந்தாமணி பொரிந்து தள்ளினாள். "ஏன்டா, மொட்டை போட்டா ஆகாதா? முருகன் உன் கன்னத்தத்தான் கேட்டாரா?"

"உனக்காகத்தானக்கா."

"அதனாலதான்டா உன்னைய வாய் நிறையத் திட்டக்கூட முடியல."

மயில்சாமியின் ரத்தத்தில் கிருமி இல்லை என்று உறுதியாக மூன்று வாரம் ஆனது. அதற்குள் சாந்தாமணிக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்திருந்தது. அணு ஏற்றுவதை மருத்துவர் மீண்டும் தள்ளிவைத்தார்.