சத்தம் போடுகிற ரீல்

மூன்றாவது ரீலையும் அவள் வேண்டாம் என்று தள்ளிவைத்தாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ராயபுரத்தில் தூண்டில் சாமான் விற்றே தாடி நரைத்தவன் நான். ரீலைக் கண்ணால் பார்க்காமல் காதருகே வைத்துப் பார்த்து வாங்க வந்த முதல் ஆள் இவள்தான்.

ட்ரோலிங் ரீல் வேண்டும் என்றாள். ஓடும் படகுக்குப் பின்னால் நைலான் நரம்பை விட்டு, இரையை இழுத்துக்கொண்டே போவதற்கான ரீல் அது. மீன் கவ்விக்கொண்டு ஓடினால் நரம்பு உருவும், ரீல் கர்ரென்று கத்தும். எதிர்வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குக் கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறாளாம். அதே மாதிரி வேண்டும். கடலுக்கு வேண்டாம், ஏரிக்கு.

கடல் ரீல்தான் உழைக்கும் என்று பெரியதாக ஒன்றை எடுத்து வைத்தேன். வியாபாரி வேறு எப்படிப் பேசுவான்? அவள் நரம்பை உருவிப் பார்த்துவிட்டு, இது பிடித்து இழுக்கிறது என்றாள். அதுக்குத்தானேம்மா ரீல் என்றேன். இழுக்கக் கூடாது, போகப்போக விட வேண்டும், போவது தனக்குத் தெரிந்தால் போதும் என்றாள்.

ஏரி ரீலில் சின்னதாக ஒன்றை எடுத்து, பிரேக்கைத் தளர்த்தி, சத்தம் வரும் பொத்தானைத் தள்ளிக் கொடுத்தேன். அவள் நரம்பின் நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கடையின் கோடிவரை நடந்தாள். ரீல் கத்திக்கொண்டே நரம்பை விட்டது.

திரும்பி வந்தவள் கையை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு.

இதுவும் வேண்டாம் என்றாள்.

மீனுக்கு ஏதும்மா மணிக்கட்டு என்று கிண்டலடித்தேன்.

"மீனுக்கு இல்ல பாய். எங்க நைனாவுக்கு."

வாசலைப் பார்த்தேன். நான் போட்டுவைத்திருந்த ஸ்டூலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, கன்டெய்னர் லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான். ஒரு முட்டியில் கட்டு.

அதன் பிறகு அவள் நிறுத்தாமல் சொன்னாள். அவள் பெயர் பூவம்மா. திருவொற்றியூர்க் குப்பம். அப்பா வேலப்பன் ஆயுசெல்லாம் கடலில் தூண்டில் போட்டவர். இப்போது பெற்ற மகளையே யார் என்று கேட்கிறார். விடிவதற்கு முன்னால் எழுந்து கடலுக்குக் கிளம்பிவிடுகிறார். ஒரு தடவை துறைமுகத்து லாரி வரிசைக்கு நடுவில் கிடைத்தார். இன்னொரு தடவை அலைத்தடுப்புக் கற்களில், முட்டி பெயர்ந்து. இறால் உரிக்கிற வேலைக்குப் போய்வந்து படுத்தால் இவளுக்கு இடி விழுந்தாலும் தெரியாது. வாசல் கதவு மூன்று குடித்தனத்துக்கும் பொது, அதில் மணி கட்ட முடியாது. தம்பி அறையில் வைத்துப் பூட்டச் சொன்னான். பூட்டிப் பார்த்தாள். காலையில் கதவெல்லாம் நகக் கீறல்.

"கட்டிப்போட்டா மாரி இருக்கக் கூடாது பாய். அவருக்குத் தெரியவே கூடாது. எனுக்கு மட்டும் கேட்டா போதும்."

இதை முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று அவளைத்தான் திட்டினேன்.

மெல்லிய நரம்பு தோலை அறுக்கும். அதைக் கழற்றிவிட்டு இருப்பதில் தடியானதைச் சுற்றினேன். பழைய லுங்கியில் ஒரு பட்டை கிழித்து, மெத்தென்று மடித்து, அதில் நரம்பை முடிந்தேன். பெரியவர் மணிக்கட்டில் அதைக் கட்டும்போதும் அவர் லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூவம்மா ரீலை மடியில் வைத்துக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்தாள்.

யாரும் சொல்லாமலே பெரியவர் எழுந்தார். கிழக்கே நடந்தார். ரீல் கத்த ஆரம்பித்தது. லாரி இரைச்சலிலும் நன்றாகக் கேட்டது. டீக்கடையைத் தாண்டினார், கையில் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. பூவம்மாவின் முகம் தெளிந்தது. இதையே கட்டிக் கொடுத்துவிடச் சொன்னாள்.

அதற்குள் அவர் மெயின் ரோட்டில் இறங்கப் போனார். லாரி வந்துகொண்டிருந்தது. அவள் பதறிப்போய் இரண்டு கையாலும் ரீலைப் பிடித்து நிறுத்தினாள்.

நரம்பு விறைத்தது. பெரியவர் நின்றார்.

நரம்பைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் எடுத்தார். தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். அப்புறம் திரும்பி, இழுக்கத் தொடங்கினார்.

கொஞ்சம் இழுத்தார், நிறுத்தினார், கொஞ்சம் விட்டுக்கொடுத்தார், மறுபடி இழுத்தார். இழுத்த நரம்பு சிக்கில்லாமல் வளையம் வளையமாக இடது கையில் சேர்ந்தது. அடிமேல் அடி வைத்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். அந்த முகத்தை ரொம்ப நாளாகப் பார்க்காதவள் போல பூவம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

படிக்கு வந்து, அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார். அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். படகில் கூட இருக்கிற ஆளிடம் சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னார்.

"சின்னதா கீது. வுட்டுடு."

நான் அசையவில்லை. அவரே குனிந்து, ரீலை இறுக்கிப் பிடித்திருந்த மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் கொஞ்ச நேரம் ஏந்தி வைத்திருந்தார். பிறகு தெருப் பக்கமாகத் தாழ்த்தி, மெதுவாக விட்டார்.