மெல்லப் பேசு

“நம்ம தறித் தெருவுல பேசுற மாதிரி அங்க போயிக் கத்திராத. மெல்லப் பேசு,” என்று அருப்புக்கோட்டையிலிருந்து போனில் மறுபடியும் சொன்னான் கணவன் நாகராஜ்.

டாக்டர் ஜெகதீஸ்வரி போனை அணைத்துவிட்டு, பல்கலைக்கழக நேர்காணல் அறை வாசலில் காத்திருந்தாள். விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்குக் காது மந்தமாவதைப் பற்றிய ஆய்வு அவளுடையது. பல்கலைக்கழகம் தன் மருத்துவர்களுக்கு ஒதுக்கும் ஆராய்ச்சி நிதி கிடைத்தால்தான் தொடங்கவே முடியும்.

உள்ளே போனதும் பயத்தில் கணவன் சொன்னதெல்லாம் மறந்துபோனது. தொண்டை கிழியக் கத்தித்தான் விளக்கினாள். நிதி ஒதுக்கும் குழுவினர் முகம் சுளித்தார்கள். குழுத் தலைவர் மட்டும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிருங்க சார்... பழக்கமாயிருச்சு.”

தலைவர் நரைமுடியை ஒதுக்கி, காதில் மாட்டியிருந்த கருவியைக் காட்டினார்.

“எங்க வீட்டுலயும் தறிதாம்மா ஓடுச்சு. காலையிலருந்து எத்தனையோ பேரு பேசிட்டுப் போனாக. நீங்க சொன்னது மட்டுந்தான் எனக்குக் கேட்டுச்சு.”